கைப்பிடிச் சுவர்

நாகப்பட்டினத்தார்க்கு 2004 என்பது ஓர் ஆண்டு அன்று, ஒரு காலைப்பொழுது. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வேளாங்கண்ணிக் கடற்கரையிலும் அன்று எழுந்த அலை, இம்மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அந்தப் பேரிழப்பின் முன்னே அவ்வாண்டின் பிற துயரங்கள் நம் நினைவில் மங்கிப்போனதில் வியப்பில்லை.

ஆயினும் அதே ஆண்டில், இதே காவிரிக் கரையில், வேறு இரண்டு துயரங்கள் நேர்ந்தன. ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் ஒரு திருமண மண்டபம் எரிந்தது. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடம் எரிந்தது. மூன்று நிகழ்வுகளிலும் மாண்டோர் குற்றமற்றவர்கள். மூன்றிலும் அழுத தாய்மாரின் கண்ணீர் ஒன்றுதான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடல் அலையை அனுப்பியவர் என்று மனிதரில் எவரையும் சுட்ட இயலாது. கீற்றுக் கூரையை வேய்ந்தவரும், அதன் கீழே அடுப்பை மூட்ட விட்டவரும், படிக்கட்டைக் குறுகலாகக் கட்டியவரும், அதைப் பார்த்துக் கையெழுத்திட்டவரும் மனிதரே. அலையின் முன் நாம் மண்டியிடலாம். தீயின் முன் மண்டியிடுவதோடு நம் கடன் தீர்ந்துவிடுமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஓரிடத்தைத் தமதென்று உடையவர், அவ்விடத்தில் கால்வைக்கும் பிறரது உயிருக்கும் உடலுக்கும் எவ்வளவு பொறுப்புடையவர்? இது வழக்கறிஞர்கள் மட்டும் பேச வேண்டிய செய்தி என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் இது நம் கிணற்றடியிலும் மாடிப்படியிலும் பங்குக் கோயில் வளாகத்திலும் நாள்தோறும் எழுகின்ற கேள்வி.

கீற்றின் வரலாறு

தென்னையும் பனையும் செழித்த நம் பகுதியில் கீற்று ஏழையின் கூரை. வெயிலுக்குக் குளிர்ச்சி, விலையோ குறைவு, கையால் முடைந்து கையால் வேயலாம். திருமணமாயினும் திருவிழாவாயினும் துக்க வீடாயினும், வாசலில் கீற்றுப் பந்தல் போட்டால்தான் நமக்கு நிறைவு. மறைக்கல்வி வகுப்பைக் கீற்றுக் கொட்டகையில் கற்றவர்கள் நம்மில் எத்தனையோ பேர். எனவே கீற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் நெருப்புக்கு அது எத்தகைய இரை என்பதை நம் பகுதி ஒருமுறை அன்று, பலமுறை பாடமாகக் கேட்டது.

1997 ஜூன் 7: தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் குடமுழுக்கு விழா நடந்துகொண்டிருந்த வேளையில் யாகசாலைக் கீற்றுப் பந்தலில் தீப்பற்றியது. தீயிலும் அதனால் விளைந்த நெரிசலிலும் 48 பேர் மாண்டனர். ஆயிரம் ஆண்டு நின்ற கருங்கல் கோபுரத்தின் அடியிலே சில நாளைக்கென எழுப்பிய கீற்றுப் பந்தல் இத்தனை உயிரைக் குடித்தது.

2001 ஆகஸ்டு 6: இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளரைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகக் கொட்டகை அதிகாலையில் எரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். எழுந்து ஓட வழியின்றி 28 பேர் கருகினர்.

2004 ஜனவரி 23: திருவரங்கத்துத் திருமண மண்டபத்தின் மாடியில் போடப்பட்டிருந்த கீற்றுப் பந்தலில் மின்கம்பியிலிருந்து தீ பிறந்தது. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இந்த மூன்றுக்கும் பிறகுதான் கும்பகோணம் நிகழ்ந்தது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். ஏழே ஆண்டுகளில் மூன்று எச்சரிக்கைகள். மூன்றாவது எச்சரிக்கைக்கும் பள்ளித் தீக்கும் இடையே ஆறு மாதம்கூட முழுமையாகக் கழியவில்லை.

கீற்று மட்டுமே குற்றவாளி என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. பெருவுடையார் கோயில் தீ நேர்ந்து ஆறே நாள் கழித்து, 1997 ஜூன் 13 அன்று, தில்லி உப்ஹார் திரையரங்கில் புகை சூழ்ந்து 59 பேர் மாண்டனர். அங்கே கீற்று இல்லை, கான்கிரீட் கட்டடம். ஆனால் கூடுதல் சீட்டு விற்பதற்காக மேல்மாடியில் கூடுதல் இருக்கைகளைப் போட்டு, நடைபாதையையும் வெளியேறும் வழியையும் அடைத்திருந்தனர். ஏர்வாடியில் சங்கிலி, தில்லியில் இருக்கை. இரண்டும் செய்த வேலை ஒன்றே: வெளியேற வேண்டியவரை உள்ளேயே நிறுத்தியது.

காசிராமன் தெரு

கும்பகோணம் காசிராமன் தெருவில் இருந்த ஸ்ரீ கிருஷ்ணா பள்ளி, ஒரே கட்டடத்துள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை அடக்கியிருந்தது. இடம் சிறிது, பிள்ளைகளோ நூற்றுக்கணக்கில். மேல்மாடி வகுப்புகளுக்குக் கூரை கீற்று. பள்ளிக்குள்ளேயே சத்துணவு சமைக்கும் இடம். அதற்கும் கூரை கீற்றே.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. முற்பகலில் மதிய உணவுக்கான அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சமையற்கூரையைப் பற்றிய தீ மேல்மாடி வகுப்பின் கூரைக்குத் தாவிற்று. எரியும் கீற்றும் மூங்கிலும் பிள்ளைகளின் தலைமேல் சரிந்தன. கீழே இறங்கும் வழியோ குறுகல். அக்கம்பக்கத்தாரும் தீயணைப்புப் படையினரும் ஓடிவந்து எடுக்க முடிந்தவரை எடுத்தனர். 94 பிள்ளைகள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தொடக்கப்பள்ளி வயதினர். காலையில் தாய் தலைசீவி அனுப்பியவர்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளையும் இழந்த பெற்றோர் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் அவர்கள் கூடிப் பிள்ளைகளின் படங்களின் முன் விளக்கேற்றி வருகின்றனர்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் அங்கே அத்துமீறி நுழைந்தவர்கள் அல்லர், அழைக்கப்பட்டவர்கள். “உங்கள் பிள்ளையை எங்களிடம் அனுப்புங்கள்” என்று கதவைத் திறந்து வைத்த ஒருவரை நம்பி அனுப்பப்பட்டவர்கள். ஒருவர் தம் இடத்துக்குப் பிறரை அழைக்கும்போது, சொல்லாமலே ஒரு வாக்குக் கொடுக்கிறார்: “இங்கே நீர் நலமாய் வந்து நலமாய்த் திரும்புவீர்.” மண்டபத்தை வாடகைக்கு விடுபவரும், கடை திறப்பவரும், கோயில் கட்டுபவரும், பள்ளி நடத்துபவரும் கொடுக்கும் வாக்கு இதுவே. எழுத்தில் இல்லாத அந்த வாக்கை நம்பித்தான் சமுதாயமே நடமாடுகிறது.

முட்டும் மாடு

இந்த வாக்குக்குப் பழமை மிகுதி. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், வழிபாட்டு முறைகளுக்கும் பெருங்கட்டளைகளுக்கும் நடுவே, வீடும் கிணறும் மாடும் பற்றிய சில சிறு சட்டங்கள் வருகின்றன. வாசிக்கையில் நாம் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறோம்.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரம், புது வீடு கட்டுகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்கிறது. இல்லையேல் அங்கிருந்து எவரேனும் விழுந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின்மேல் வரும் என்கிறது. விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரம், குழி தோண்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்து செத்த மாட்டுக்கும் கழுதைக்கும் ஈடு தர வேண்டும் என்கிறது. குழியில் விழுந்த மாடு கண்ணைத் திறந்து பார்த்து நடந்திருக்கலாமே என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை.

அதே அதிகாரத்தில் வரும் மற்றொரு சட்டம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாடுதான் தண்டிக்கப்படும், உரிமையாளன்மேல் பழியில்லை. ஆனால் அது முன்னரே முட்டும் பழக்கமுள்ள மாடு என்றும், உரிமையாளனுக்கு எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தும் அவன் அதைக் கட்டிவைக்கவில்லை என்றும் இருந்தால், அவனும் சாவுக்கு உரியவன். அறியாமல் நேர்ந்தது வேறு. அறிந்தும் விட்டது வேறு. ஏறக்குறைய மூவாயிரம் ஆண்டுகளாக அறவுணர்வும் நீதிமன்றமும் இந்த ஒரு கோட்டைத்தான் திரும்பத் திரும்ப வரைந்து வருகின்றன.

இந்த அளவுகோலைக் கும்பகோணத்தின் அருகே வைத்துப் பார்ப்போம். பெருவுடையார் கோயிலுக்கும் ஏர்வாடிக்கும் திருவரங்கத்துக்கும் பின்னர், கீற்றுக் கூரை என்பது நம் நாட்டில் முட்டும் மாடு என்று ஊரறிந்த மாடு ஆகிவிட்டது. அதைக் கட்டிவைக்கவில்லை என்பதே குற்றம்.

விவிலியத்துக்கு வெளியேயும் இவ்வறம் உண்டு. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நகரக் காவலைப் பற்றிச் சொல்லுமிடத்தில், கோடைக்காலத்தில் தீத்தடுப்புக்காக வீதிகளில் நீர்க்குடங்களை வரிசையாக வைக்கச் சொல்கிறது. வீடு எரிகையில் அணைக்க ஓடிவராத வீட்டுக்காரனுக்கு 12 பணமும், குடியிருப்பவனுக்கு 6 பணமும் தண்டம் விதிக்கிறது. உடையவனின் பொறுப்பு, இருப்பவனின் பொறுப்பைப்போல் இரு மடங்கு என்னும் கணக்கு அதில் தெளிவாக இருக்கிறது.

நாகையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் இருக்கும் திருவாரூரில், மனுநீதிச் சோழன் கதைக்குக் கல்லிலே தேர் செய்து வைத்திருக்கின்றனர். அரசிளங்குமரன் ஓட்டிய தேரின் கீழ் கன்று சிக்கி மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. கதை என்றே கொள்வோம். ஆயினும் அக்கதையை இத்தனை நூற்றாண்டு சுமந்து வந்த நம் மக்கள் அதில் எதைப் போற்றினார்கள்? கன்று ஏன் குறுக்கே பாய்ந்தது என்று அவ்வரசன் கேட்கவில்லை. தேர் யாருடையது என்றே கேட்டான். இன்று ஒரு விபத்து நடந்தால் நம் வாயில் முதலில் வருவது எந்தக் கேள்வி என்பதை நாமே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏரியும் இரயிலும்

ஆங்கில ஆட்சியில் இந்த அறம் சட்டத்தின் மொழியைப் பேசத் தொடங்கியது. 1868-இல் இங்கிலாந்தின் உயர்மன்றம் ஒரு வழக்கில் புகழ்பெற்ற தீர்ப்பு அளித்தது. ஆலை முதலாளி ஒருவர் தம் நிலத்தில் கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து அடுத்தவரின் சுரங்கத்துள் வெள்ளம் புகுந்தது. ஆபத்தான ஒன்றைத் தம் நிலத்தில் தேக்கி வைப்பவர், அது தப்பி வெளியேறி விளைக்கும் கேட்டுக்குப் பொறுப்பாவார். தாம் கவனமாக இருந்ததாகச் சொல்லித் தப்ப முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

சில ஆண்டுகளில் அதே கேள்வி நம் சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறியது. கார்வேட்டிநகர ஜமீனில் பெருமழையால் ஏரிகள் உடைந்து மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் இருப்புப் பாதைக்குச் சேதம் விளைந்தது. கம்பெனி ஜமீன்தார்மீது வழக்குத் தொடுத்தது. 1874-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இங்குள்ள ஏரிகள் ஒருவர் தம் இலாபத்துக்காகப் புதிதாகத் தேக்கியவை அல்ல, தொன்றுதொட்டு வருபவை, மக்களின் வாழ்வுக்கு இன்றியமையாதவை, அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை, நினைத்தபடி தூர்க்க அவருக்கு உரிமையில்லை. எனவே அவரது கவனக்குறைவு மெய்ப்பிக்கப்பட்டாலன்றி அவர் ஈடு தர வேண்டியதில்லை என்று மன்றம் கருதியது.

ஏரிப்பாசனத்தாலும் ஆற்றுப்பாசனத்தாலும் வாழும் நமக்கு இத்தீர்ப்பின் நுட்பம் எளிதில் புரியும். ஊருக்கு வேண்டிய ஒன்றை வைத்திருப்பவர்மேல் சட்டம் இரக்கம் காட்டுகிறது. ஆனால் அந்த இரக்கமும் ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது: கரையைக் காத்திருக்க வேண்டும். பயனுள்ளது என்பது கவனக்குறைவுக்கு அனுமதிச்சீட்டு ஆகாது. பள்ளியும் பயனுள்ளதே, கோயில் விழாவும் பயனுள்ளதே, சத்துணவு அடுப்பும் பயனுள்ளதே. அவற்றின் கரை எங்கே, அதைக் காத்தவர் யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இரயிலுக்கும் நம் ஊருக்கும் உறவு பழையது. நாகையிலிருந்து தஞ்சை வழியே திருச்சி வரை 1861-62-இல் இருப்புப் பாதை போடப்பட்டது. பின்னர்த் தென்னிந்திய இரயில்வேயின் பெரும் பணிமனையும் நாகையிலேயே இயங்கி, 1920-களின் இறுதியில் திருச்சி பொன்மலைக்குப் பெயர்ந்தது. அப்பணிமனை இங்கிருந்து போகுமுன்பே, 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1924 ஜூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. பணியின் காரணமாகவும் பணியின்போதும் நேரும் விபத்துக்கு, முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்காமலே தொழிலாளி ஈடு பெறலாம் என்றது அச்சட்டம். ஆனால் இரயில்வே, ஆலை, சுரங்கம் என்று குறிப்பிட்ட தொழில்களுக்கே அது பொருந்தியது. கீழத்தஞ்சையின் சேற்றில் நாற்று நட்ட கூலியாளுக்கு அச்சட்டம் அன்று குடை பிடிக்கவில்லை. உடையவரின் பொறுப்பு என்பது படிப்படியாக, அதுவும் வலுவுள்ள கைகள் தட்டிய கதவுகளிலேயே முதலில் திறந்தது.

விடுதலைக்குப் பின்னர் பெரிய திருப்பம் 1986 டிசம்பர் 20 அன்று வந்தது. முந்தைய ஆண்டு தில்லியில் ஓர் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலை நடத்துபவரின் பொறுப்பு முழுமையானது. பழைய ஆங்கிலத் தீர்ப்பு அனுமதித்த விலக்குகள்கூட அதற்கு இல்லை என்றது. போபாலின் புண் ஆறாதிருந்த காலம் அது.

தீர்ப்பும் அதற்கு அப்பாலும்

கும்பகோணத் தீக்குப் பின்னர் நீதிபதி கே. சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. தமிழகமெங்கும் பள்ளிக் கொட்டகைகள் பிரிக்கப்பட்டன. பல்லாண்டுகளாகப் பணமில்லை, இடமில்லை என்று தள்ளிப்போட்ட வேலை சில மாதங்களில் நடந்தேறியது. அப்படியானால் முன்னரும் அது இயலாத காரியமாக இருந்ததில்லை என்பதை நெஞ்சு கனக்க ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அத்தீயைக் காரணமாகக் கொண்டு தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2009 ஏப்ரல் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. கல்வி பெறும் உரிமை என்பதற்குள் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையும் அடங்கும் என்றது. ஒவ்வொரு பள்ளியிலும் தீயணைப்புக் கருவிகள் வேண்டும். எளிதில் தீப்பற்றும் பொருள் இருக்கலாகாது. கட்டடத்தின் உறுதி காலந்தோறும் சோதிக்கப்பட வேண்டும். ஆசிரியர்க்கும் பணியாளர்க்கும் கருவிகளைக் கையாளும் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் கட்டளையிட்டது. அரசுப் பள்ளிக்கு மட்டுமன்று, தனியார் பள்ளிக்கும் சேர்த்தே இக்கட்டளை. மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் நடத்தும் நம் பள்ளிகளும் அதற்குள் அடக்கம்.

குற்ற வழக்கோ பத்து ஆண்டு நடந்தது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சை நீதிமன்றம் பள்ளி நிறுவனர் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்றும், 11 பேரைக் குற்றமற்றவர்கள் என்றும் தீர்ப்பளித்தது. நிறுவனர்க்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017-இல் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் பலரை விடுவித்தது. நிறுவனரின் தண்டனையை அவர் அதுவரை சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது. அத்தீர்ப்பின் சரி தவறுகளை எடைபோடுவது நம் பணியன்று. ஒன்றை மட்டும் சொல்லலாம்: எந்தத் தீர்ப்பும் அந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்கு முழுமையாகத் தோன்றியிருக்க முடியாது. விபத்துக்குப் பிறகு வரும் நீதி எப்போதும் குறைநீதியே. முழுநீதி விபத்துக்கு முன்னரே செய்யப்பட்டிருக்க வேண்டும். அதைச் செய்ய நீதிபதி தேவையில்லை, ஒரு கொத்தனார் போதும்.

சட்டத்தால் இயலாத இன்னொன்றும் உண்டு. 2010-இல் உச்ச நீதிமன்றம் ஆழ்துளைக் கிணறுகள் குறித்து விரிவான வழிமுறை வகுத்தது. தோண்டுவதற்கு 15 நாள் முன்னதாக அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். தோண்டும் இடத்தில் அறிவிப்புப் பலகையும் முள்வேலியும் வேண்டும். குழாயைச் சுற்றிச் சிமெண்டு மேடை கட்டி, வாயை இரும்புத் தகட்டால் மூட வேண்டும். கைவிட்ட கிணற்றை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். இத்தனை தெளிவான ஆணை இருந்தும், 2019 அக்டோபர் 25 அன்று மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், பயன்படாதிருந்த ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. நாடே நான்கு நாள் தொலைக்காட்சி முன் அமர்ந்து செபித்தது. 29-ஆம் தேதி உயிரற்ற உடலே கிடைத்தது. அது அக்குழந்தையின் சொந்த வீட்டு நிலம். எவரையும் பழிதூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. பிள்ளையை இழந்த பெற்றோரை அதற்குமேல் தண்டிக்க எவராலும் இயலாது. நம் உடைமையின் ஆபத்து முதலில் தேடிவருவது நம் வீட்டுப் பிள்ளையையே என்பதற்காகச் சொல்கிறோம்.

நம் வளாகம்

இனி நம்மிடம் வருவோம். நாம் தனித்தனியே வீடும் கடையும் நிலமும் உடையவர்கள். சேர்ந்தோ, ஒரு பங்காக, கோயிலும் பள்ளியும் மண்டபமும் கல்லறையும் கெபியும் உடையவர்கள். சொத்தை உடைமையாக வைத்திருக்கும் உரிமை வேறு, அதைப் பயன்படுத்தும் முறை வேறு என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதிய தொழிலாளர் மடலிலேயே பிரித்துக் காட்டினார். உரிமையைப் பத்திரப் பதிவு அலுவலகம் தருகிறது. பயன்படுத்தும் முறைக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் வேறு.

திருவிழாவுக்கு முன் நவநாள் குறிக்கிறோம், கொடி தைக்கிறோம், வாணவேடிக்கைக்கு வரி வசூலிக்கிறோம். அந்த வரிசையில் இன்னும் சிலவற்றைச் சேர்த்தால் என்ன? பந்தலுக்கு இழுத்த மின்கம்பியின் ஒட்டுகள் நனையாமல் இருக்கின்றனவா? மின்கசிவு ஏற்பட்டால் தானாகவே அணைந்துவிடும் சுவிட்சைப் பொருத்தியிருக்கிறோமா? அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டும் இடம் பந்தலிலிருந்து தள்ளி இருக்கிறதா? மண்டபத்தின் இரண்டாவது கதவுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் கோயிற்பிள்ளையின் இடுப்பில் விட்டிருக்கிறோமா? அக்கதவை மறைத்து நாற்காலிகளை அடுக்கியிருக்கிறோமா? கூட்டம் ஒரே வழியாக உள்ளே வந்து அதே வழியாக வெளியேற வேண்டியிருக்கிறதா?

சப்பரத்தைச் சோடித்து முடித்தபின் அதன் உயரத்தை அளந்து, பவனி போகும் தெருவின் மின்கம்பிகளோடு ஒப்பிட்டோமா? 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சையை அடுத்த களிமேட்டில் அப்பர் திருவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டனர். அவர்கள் வேற்றுச் சமயத்தினர் என்று நாம் கடந்துபோக முடியாது. அதே தெருக்கள், அதே கம்பிகள், அதேபோல் ஆண்டுக்காண்டு உயர்ந்துகொண்டே போகும் நம் சப்பரங்கள்.

பள்ளி வளாகத்தில் செப்டிக் டேங்கின் மூடி உடைந்து பலகை போட்டு மூடியிருக்கிறதா? விளையாட்டுத் திடலின் சுற்றுச்சுவர் சாய்ந்து நிற்கிறதா? மாடிப்படிக்குக் கைப்பிடி உண்டா? முதியோர் ஏறும் கோயிற்படி மழையில் பாசி பிடிக்கிறதா? இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மணல் நிரப்பிய நான்கு வாளி, இரண்டு தீயணைப்புக் கருவி, திறந்து வைத்த ஒரு கதவு, அரை மூட்டைச் சிமெண்டு. ஆனால் ஒருவர் வேண்டும். ஆண்டுக்கொருமுறையேனும் வளாகம் முழுவதையும் சுற்றிவந்து பார்ப்பதைத் தம் கடனாகக் கொண்ட ஒருவர். பங்குப்பேரவையின் அலுவல்களில் இதற்கு ஓர் இடம் கிடைத்தால் போதும்.

நாம் அறிந்த ஒரு சிற்றூரில், கோயிலுக்குப் பின்புறம் பழைய கிணறு ஒன்று இருந்தது. அதன் கைப்பிடிச் சுவர் ஒருபுறம் இடிந்து கிடந்தது. அவ்வூர் உபதேசியார் ஒவ்வொரு மாலையும் மூவேளைச் செப மணி அடித்தபின், கிணற்றின் மேல் இரண்டு பனம்பலகைகளை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். சிறுவர்களாகிய நாம் ஒருநாள் அவரைக் கேலி செய்தோம். அவர் கோபிக்கவில்லை. “தம்பி, புள்ள விழுந்த பொறவு பூசை வைக்க சாமி வந்துடுவாரு. பலக போட நான்தான் வரணும்” என்றார். பின்னாளில் ஊரார் வரி போட்டு அந்தச் சுவரைக் கட்டினார்கள். அதுவரை எந்தப் பிள்ளையும் விழவில்லை. விழாத பிள்ளைகளுக்கு நினைவுத்தூண் எழுப்புவாரில்லை. ஆகையால் அந்த உபதேசியார் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை.

லூக்கா நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து மாண்ட 18 பேரைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்றெல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகளோ என்று கேட்டு, இல்லை என்று அவரே விடையளிக்கிறார். மாண்டவர்மேல் பழிபோடும் வாயை அவ்வாறு அடைத்துவிட்டு, உயிரோடு நின்று கேட்டவர்களை நோக்கி மனம் மாறச் சொல்கிறார். கும்பகோணத்துப் பிள்ளைகளின் கதையைக் கேட்டுவிட்டு உயிரோடு நிற்பவர்கள் நாம். நமக்கு வேண்டிய மனமாற்றம் இடிந்த ஒரு கைப்பிடிச் சுவரிலிருந்தும் தொடங்கலாம். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலிலிருந்து நேரே வீட்டுக்குத் திரும்பாமல், கோயிலைச் சுற்றிப் பின்புறமாக ஒருமுறை நடந்து வருவோம்.